வான் கதவு

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதற்காக வாசிக்கத் தெரியாதவள் என்று என்னை யாரும் சொல்ல விடமாட்டேன். பஸ் போர்டு வாசிப்பேன். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிப்பேன். கோயில் நோட்டீஸில் எந்த நாள் யாருடைய உபயம் என்று வாசித்து, அந்த ஆட்கள் பூசைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் செய்வேன். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறேன். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். இதை எழுதுவதும் அப்படித்தான். எழுத்துப் பிழையை மருமகள் திருத்துகிறாள். நடந்ததைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை.

நடந்தது என் முழங்காலில் தொடங்குகிறது.

கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி ஒன்றில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. கொச்சிக்காய் முடிந்தது, தேங்காய் முடிந்தது என்று நினைத்த நேரமெல்லாம் ஏறி இறங்கியவள் நான். இப்போது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இறங்கினால் சனிக்கிழமை முழுக்கக் கட்டில்தான். பெரியாஸ்பத்திரி டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேஞ்சு போச்சும்மா" என்றார். செருப்பைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஒப்பரேஷன் செய்யலாம், நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், கூப்பிடுவோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

வீட்டுக் குளியலறையில் சுவரில் முழங்கை இடிக்காமல் திரும்ப முடியாது. ஒரு வாளி, ஒரு கோப்பை, உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதைக் குளியல் என்று நான் சொல்ல மாட்டேன். கழுவல் என்று சொல்வேன். குளியல் என்றால் எனக்கு டேம்தான்.

கொழும்பு ஆட்களுக்கு இது விளங்கும். ஞாயிறோ பௌர்ணமிப் போயா லீவோ வந்தால் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வானைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விழுகிற எந்த இடத்துக்காவது போய்விடுவோம். கல்லு வைத்துச் சமைத்து, பிள்ளைகள் உதடு நீலமாகும் வரைக்கும் குளித்து, சாப்பிட்டு, வரும்போது எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டு வருவோம். என் மகனுக்கே வான் இருக்கிறது. கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரிப் ஓடுகிறான். இந்தியாவில் இதை வேன் என்கிறார்களாம். எங்களுக்கு அது பிறந்த நாள் முதல் வான்.

அந்த வானுக்கு இழுத்துத் திறக்கிற பக்கக் கதவு. "கதவை மெல்ல, கதவை மெல்ல" என்று சொல்லாமல் அவன் யாரையும் ஏற்றியது கிடையாது. ஒரு நாள் ஒழுங்கையில் நிறுத்தியிருந்தபோது யாரோ கதவை இழுத்துத் திறந்து உள்ளே இருந்த ரேடியோ செட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு கதவுச் சத்தம் கேட்டால் மகன் சோற்றுக் கையோடு பல்கனிக்கு ஓடுவான். இதை நான் வீணாகச் சொல்லவில்லை.

டேம் அவிசாவளைக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. சிறியது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ஃபெக்டரிக்குத் தண்ணீர் பிடிக்கக் கட்டியதாம். ஃபெக்டரி எப்போதோ மூடியாயிற்று, சுவர் மட்டும் நிற்கிறது. கருங்கல் சுவர், மேலே ஒரு ஆள் நடக்கிற அகலம். கல்லும் கல்லும் சேருகிற இடமெல்லாம் பன்னம் முளைத்து, பாசி பிடித்து, மழைக்காலத்தில் தண்ணீர் சுவரின் தலைமேலாலேயே வழிந்து விழும். சுவரின் நடுவில் இரண்டு இரும்புக் கதவு. மேலே சக்கரம் இருக்கிறது, அதில் நீளக் கம்பியைக் கோத்துச் சுற்றினால் கதவு கொஞ்சம் கொஞ்சமாக எழும்புமாம். அதை யாரும் சுற்றி நாங்கள் பார்த்தது கிடையாது. நாங்கள் அதைக் கேட் என்போம். வேறு பெயர் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இடப்பக்கத்துக் கேட் ஒழுகும். அடியில் துரு தின்ற ஒரு வாய். அதிலிருந்து ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் பீறிட்டு விழும். விழுகிற இடத்தில் ஒரு தட்டையான கல். அந்தக் கல்தான் என் இடம். அதில் உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் தண்ணீர், தோளிலும் முழங்காலிலும் கேட் ஒழுகுகிற தண்ணீர் அடிக்கும். தடவிவிடுகிற தைலம், ஆஸ்பத்திரிக் குளிசை, வெல்லவத்தையில் ஒருவர் கட்டிவிட்ட பத்து, எல்லாம் பார்த்தவள் சொல்கிறேன், அந்தக் கல்லில் இருக்கும்போது மட்டும்தான் என் கால் எனக்குப் பாரமாக இருந்ததில்லை. வலி போனது என்று சொல்ல மாட்டேன். பாரம் போனது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

என்னைக் கல்லில் இருத்திவிட்டு மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குப் போவார்கள். கிட்ட வந்து நின்றுகொண்டு "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று சொல்கிறவர்களை நான் விரட்டிவிடுவேன். எழும்புவதற்குக் கை கொடுக்க வந்தாலும் எனக்குப் பிடிக்காது. கல்லின் ஓரத்தைப் பிடித்து, முதலில் மண்டியிட்டு, பிறகு நல்ல காலை ஊன்றி நானே எழும்புவேன்.

டேமுக்குக் காவலாக ஒரு சிங்கள ஆள் இருந்தார். தலை நரைத்தவர்தான், என்றாலும் சிங்களத்தில் எனக்கு அவர் மல்லி, அதாவது தம்பி, அவருக்கு நான் அம்மே. சோறு ஆனதும் முதல் தட்டு அவருக்குப் போகும். பேலியகொடையில் விடிய எடுத்த மீன் என்றால் ஒரு துண்டு கூட வைப்பேன். ஒரு முறை, "மல்லி, இந்தச் சுவர் விழுந்திடாதா?" என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் முள்ளைச் சப்பிக்கொண்டே, "மொக்குத் வென்னெ நே, அம்மே" என்றார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். ஒழுகுகிற கேட்டைக் காட்டி, "எனக்கு வயசு, அதுக்கும் வயசு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கேட் நன்றாக இருந்திருந்தால் எனக்குக் குளியல் ஏது?

பிறகு மழை ஓயாமல் பெய்த ஒரு காலம் வந்தது. பல மாதம் நாங்கள் போகவில்லை. வெயில் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனோம்.

வானை மேட்டில் நிறுத்தினோம். அங்கிருந்து தண்ணீருக்கு இறங்குகிற பாதை தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். மஞ்சள் போர்டு, மூன்று பாஷை. நட்டு அதிக நாள் இருக்காது, அதற்குள் மேலே சிங்கள எழுத்தின் மேல் டியூஷன் போஸ்டர் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். கீழே இங்கிலீஷ் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. நடுவில் இருந்த தமிழ் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மற்றவர்கள் சட்டி பானையோடு இறங்க, நான் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று வாசித்தேன். வாசிக்க ஒன்று கிடைத்தால் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

"வா... ன்... வான். கதவு. திறக்கும் போது. ஆற்றில். இறங்க வேண்டாம்."

மகன் எனக்குப் பக்கத்தில் நின்றான். "என்னம்மா? திருப்பி வாசிங்க."

"வான் கதவு திறக்கும் போது ஆற்றில் இறங்க வேண்டாம்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வான் கதவைத் திறந்தா இறங்கத்தானேம்மா வேணும்? பின்ன என்ன, உள்ளுக்கே இருக்கிறதா?"

எதிர்வீட்டுக்காரி வந்தாள். எங்கள் மாடியிலேயே எதிர்க்கதவு, என் வயதுதான், என் வாயைவிட நீளமான வாய். எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி. அவள் போர்டைப் பார்த்துவிட்டு, "வானை ஆத்துக்குள்ள விடாட்டிச் சரிதானே மகன், ஏன் பயப்படுற?" என்றாள். பிறகு இன்னொரு முறை பார்த்து, "வான் கதவு எண்டா ஆகாயத்துக் கதவாயும் இருக்கும். சொர்க்கவாசலைத்தான் அப்பிடி எழுதிப்போட்டாங்க போல. இந்தா, நீதான் முதல்ல போவ, கல்லுல போய் இரு!" என்று என் இடுப்பில் இடித்தாள்.

"உன்னைக் கூட்டிக்கொண்டு போகாம போக மாட்டேன்" என்றேன்.

மகன் போர்டை ஃபோனில் படம் பிடித்தான். எங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் போர்டுத் தமிழைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரியில், ஸ்டேஷனில், கக்கூஸ் கதவில் கூட ஒரு எழுத்து மாறி அசிங்கமான அர்த்தம் வரும்படி எழுதியிருப்பார்கள். யார் எழுதுகிறார்களோ, யாரிடம் கேட்கிறார்களோ. பார்த்ததும் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அது என்ன சொல்ல வந்தது என்று யோசிக்காமல் போய்விடுவோம். சரியாக எழுதிய போர்டு ஒன்று வரும் என்று யார் கண்டது?

மருமகள் அப்போது அங்கே இல்லை. விறகு கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வவுனியாப் பக்கம், குளத்துக் காணி விதைக்கிற குடும்பம். கலியாணம் செய்து வந்த புதிதில் அவள் "கதைச்சனான்", "போனனான்" என்று பேசுவதைக் கேட்டு எங்கள் மாடியில் எல்லோரும் அவளைப் போலப் பேசிக் காட்டுவார்கள். அவளும் சும்மா இருக்க மாட்டாள், "உங்கட தமிழில பாதி சிங்களத்திட்ட வாங்கின கடன்" என்பாள். வாய் அவளுக்கும் உண்டு. நல்லது.

என்னைக் கல்லில் இருத்தினார்கள். பல மாதத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீர் முழங்காலில் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே மலைப்பக்கம் கறுத்திருந்தது, எங்கள் தலைக்கு மேல் வெயில். பிள்ளைகள் குளித்து முடித்துப் பசிக்கிறது என்று ஏறிப் போனார்கள். கீழே தள்ளி ஒரு சிங்களக் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது, அவர்களும் அவசரமாக ஏறிப் போனார்கள். சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. சுவரின் மேல் தொங்குகிற தண்டவாளத் துண்டைக் காவல்காரர் தட்டியிருக்கிறார். எனக்குத் தலைமேல் கேட்டுத் தண்ணீரின் இரைச்சல், எங்கள் ஆட்களுக்கு வானில் புதுச் செட்டில் போட்ட பாட்டு. யாருக்கும் கேட்கவில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்தால் அந்தக் கல் கண்ணில் படாது. நாங்கள் வந்ததே அவருக்குத் தெரியாது, சோறு அப்போதுதான் வெந்துகொண்டிருந்தது, அவருக்குத் தட்டு இன்னும் போகவில்லை.

பாதி வழியில் அடுப்பு மூட்டிய இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு எல்லோரும் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மருமகள் மீன் குழம்பை இறக்குகிறாள். எதிர்வீட்டுக்காரி அவளுக்குப் போர்டுக் கதையைச் சொல்கிறாள். சொர்க்கவாசல் வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். மருமகள் சிரிக்கவில்லை. அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பிச் சுவரைப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் காவல்காரர் கம்பியோடு நிற்கிறார்.

"ஐயோ, இஞ்சருங்கோ! வான் கதவு திறக்கிறாங்கள்! ஓடுங்கோ! வான் கதவு திறக்கிறாங்கள்!"

என் மகன் ஓடினான். ஓடினான் என்றால், வானுக்கு ஓடினான். எல்லோருடைய ஃபோன், கைப்பை, பெண்கள் கழற்றி வைத்த சங்கிலி எல்லாம் வானுக்குள்தான். ஏற்கெனவே ஒருமுறை செட்டைப் பறிகொடுத்தவன். அவன் ஓடுவதைப் பார்த்து மற்ற ஆம்பிளைகளும், "பிடி, பிடி, கள்ளன்!" என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஒருவன் கையில் விறகுக்கட்டை. மருமகள் அவர்கள் முதுகைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றாளாம். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன்னந்தனியாகக் கீழே இறங்கினாள்.

நான் கண் திறந்தபோது அவள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"மாமி, எழும்புங்கோ! வான் கதவு!"

"கையை விடு. வான் கதவைத் திறந்தா உன் புருஷன் சாத்துவான். எனக்கு எழும்பத் தெரியும்."

"மாமி, அது இந்த வான் இல்ல!"

அவள் அதைச் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் இரும்பு முனகியது. அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். என் மூட்டு காலையில் போடுகிற சத்தம்தான், ஒரு வீட்டுப் பருமனில். தோளில் விழுந்த தண்ணீர் நின்றது. நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அடியால் வந்தது, கலங்கல் நிறத்தில், குளிராக. கல்லில் இருந்து என்னைத் தள்ளியது. மருமகள் என் கையை விடவில்லை, நானும் அப்போது விடச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் உருட்டிக்கொண்டு போய்க் கரையோரத்து ஜம்பு மரத்து வேரில் மோதியது. அவள் ஒரு கையால் வேரைப் பிடித்தாள். வாய்க்குள் மண். என் சீலை அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சுவர் மேல் நின்றவர் எங்களைக் கண்டுவிட்டுக் கத்துவதும், கேட்டை இறக்கச் சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதும் தெரிந்தது. பழைய கேட், பாதியில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவள் என்னை முதலில் முழங்கையால் தள்ளி, பிறகு தலையால் முட்டித் தள்ளிக் கரையேற்றினாள். தலையால் முட்டி என்னை ஏற்றியதை எழுத வேண்டாம் என்று, பிழை திருத்துகிற மருமகள் இப்போது சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

நாங்கள் கரையில் குந்திக்கொண்டு இருமுகிறபோது மகன் மேட்டில் இருந்து இறங்கி வந்தான். கையில் வான் சாவி. மூச்சு வாங்கியது. "கள்ளன் ஒருத்தனும் இல்லம்மா, கதவு சாத்தித்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், எங்களைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். நான் இருந்த கல்லைக் காணவில்லை. அவன் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

காவல்காரர் இறங்கி வந்தார். முதலில் ஏசினார், பிறகு அழுதார். சுவர் பழசு, இனி நிரம்ப விடக் கூடாது, மலையில் மழை என்றால் முதலே கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்று மேலே இருந்து சொல்லியிருக்கிறார்கள். ஊதுகிற மெஷின் வரும் என்றார்கள், வரவில்லை. "போர்டு போட்டிருக்குத்தானே அம்மே" என்றார். நான், "போர்டை வாசிச்சேன் மல்லி" என்றேன். அதற்கு மேல் சிங்களத்தில் விளக்க எனக்கு ஏலவில்லை. மருமகள்தான் கூந்தலைப் பிழிந்துகொண்டே எங்களுக்கு விளக்கினாள். அவள் ஊரில் குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் பாய்ந்து போகிற இடத்துக்குப் பெயர் வான். அதில் கதவு போட்டால் வான் கதவு. மாரி காலத்தில் வான் பாய்கிறது என்றால் ஊரே திரண்டு போய்ப் பார்க்குமாம். கொழும்பில் எங்களுக்குக் குளம் ஏது, வான் ஏது? எங்களுக்கு இருந்த வான் மேட்டில் நின்றது.

மீன் குழம்பை யாரும் சாப்பிடவில்லை. காவல்காரரிடம் சட்டியோடு கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது, களனிப் பாலம் தாண்டிய பிறகு, மகன் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், "இனி டேம் இல்லை" என்றான். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? கோயிலில், மீன் வண்டிக்காரனிடம், மாடிப்படியில், எல்லா இடத்திலும் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் கதை சுருங்கிச் சுருங்கி, "தாய் ஆத்துக்குள்ள, மகன் வானுக்குள்ள" என்று ஆகிவிட்டது. கிராண்ட்பாஸ் கராஜில் வானை விட்டால் அங்கேயும் ஒருவன், "அண்ணே, அம்மா முக்கியமா வான் முக்கியமா?" என்று கேட்டானாம். அன்றைக்கு மகன் வேலை முடியாமலே வானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகு டேம் பக்கம் யார் ட்ரிப் கேட்டாலும் வேறு வானைக் காட்டிவிடுவான்.

எனக்கோ கால். குளிர் வந்தது, கால் இன்னும் பாரமானது. கட்டிலில் இருந்து இறங்குவதற்கு முன் இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டாரின் சாமானைத் தூக்கி வைப்பது மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடவில்லை. கோப்பையால் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் அந்தக் கல்லை நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் கேட்டேன்.

"மகன், ஒருக்கா டேமுக்குப் போய் வருவமே."

"வேணாம்மா."

"நான் கேட்டுக்குக் கிட்டப் போகல்ல. கரையோரமா இருக்கிறேன்."

"சொன்னேன்தானே, வேணாம்."

குசினியில் இருந்து மருமகள், "மாமிக்குக் கால் ஏலாமப் போறது உங்களுக்கு விளங்கேல்லயோ? மழை இல்லாத நாளாப் பார்த்துப் போவம்" என்றாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினான். "உனக்கென்ன, நீ இறங்கின. நான் எங்க ஓடினேன் எண்டு ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். அவன் செருப்புச் சத்தம் கீழ் வரைக்கும் கேட்டது.

நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவனைச் சமாதானப்படுத்தவும் எனக்குத் தெரியவில்லை. நீ செய்தது பிழை இல்லை என்று சொன்னால், பிழை என்று நான் யோசித்திருக்கிறேன் என்று ஆகும். அதனால் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதும் களைப்புத்தான்.

அதற்குப் பிறகு ஒரு போயா நாள், காலைச் சாப்பாடு முடிந்ததும், "சீலையை மாத்துங்கம்மா" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. மருமகள் மாற்றுத் துணியும் துவாயும் எடுத்துப் பையில் வைப்பதைப் பார்த்ததும் விளங்கியது. நாங்கள் மூன்று பேர் மட்டும். எதிர்வீட்டுக்காரியின் கதவு சாத்தியிருந்தது, எனக்குத் தெரியும் அவள் பின்னால் நின்று பார்த்தாள் என்று.

மேட்டில் வானை நிறுத்தி அவன் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான். மெல்லத் திறக்கவில்லை, ஒரே இழுவை.

டேம் வேறு மாதிரி இருந்தது. சுவரில் பன்னம் இல்லை, சுரண்டி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசியிருந்தார்கள். சுவருக்குக் கீழே தண்ணீரோரமாகக் கம்பி வேலி. ஒரு தூணில் ஒலிபெருக்கி. தூரத்தில், வளைவுக்கு அப்பால், குளிக்கிறவர்களுக்கென்று படி கட்டி விட்டிருந்தார்கள். பொடியன்கள் அங்கே கத்திக் குளித்தார்கள். கேட் இரண்டுக்கும் புதுப் பச்சைப் பெயின்ட். இடப்பக்கத்துக் கேட்டைப் பார்த்தேன். கீழே அந்தக் கல் வெளியே தெரிந்தது. காய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

காவல்காரர் எங்களைக் கண்டு ஓடி வந்தார். வானுக்குள் தலையை விட்டு என் கையைப் பிடித்தார். ரப்பர் வைத்துக் கேட்டை இறுக்கிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். "தென் பிந்துவக்வத் என்னெ நே, அம்மே!" இப்போது ஒரு சொட்டுக்கூட வருவதில்லையாம். நல்லது மல்லி என்றேன். நல்லதுதானே. சுவர் விழுந்தால் கீழே இருக்கிற வீடுகள் என்னாகும்? என் முழங்காலுக்காக ஒரு டேம் ஒழுகிக்கொண்டிருக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காய்ந்த கல்லைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மருமகள் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மாமி, அந்தப் படிக்குப் போவமா? இவர் தூக்குவார்."

படி தூரம். போக வேண்டும் என்றால் தூக்கித்தான் போக வேண்டும், அத்தனை பொடியன்களுக்கும் முன்னால். மகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை, கதவின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இறங்கிறீங்களாம்மா?"

போர்டு அங்கேயே இருந்தது. போஸ்டரைக் கிழித்துக் கழுவி, புல்லையும் வெட்டியிருந்தார்கள். மூன்று பாஷையும் தெரிந்தது. நான் கண்ணைச் சுருக்கி, எழுத்தெழுத்தாக, அவனுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன்.

"வான் கதவு திறக்கும் போது... ஆற்றில் இறங்க வேண்டாம்." வாசித்துவிட்டு, "நீ திறந்திட்டியே மகன். நான் எப்பிடி இறங்கிற?" என்றேன்.

அவன் முதலில் விளங்காமல் நின்றான். பிறகு திறந்து கிடந்த வான் கதவைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான். சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான், தோள் குலுங்கியது. மருமகள் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள். அவள் சிரித்தாளா என்று நான் இன்றைக்கும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கீழே போய், வளைவுக்கு அப்பால் இருந்து அரிசி கழுவுகிற சட்டியில் தண்ணீர் கொண்டு வந்தாள். நான் வான் படியில் காலைத் தொங்கவிட்டேன். அவள் ஊற்றினாள், மகன் இரண்டாவது சட்டிக்குப் போனான். பிறகு இன்னொரு சட்டி. அந்த ஆற்றுத் தண்ணீர்தான், அதே குளிர்தான். பாரம் அப்படியே இருந்தது.

"எப்பிடி மாமி, சுகமா இருக்கோ?"

"ஓம்" என்றேன்.

நுளம்பு வந்து காலில் கடிக்கத் தொடங்கியது. காவல்காரர் சக்கரத்துக்கு எண்ணெய் போடப் போனார். நான் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

"கதவைச் சாத்து மகன், போவம்" என்றேன். "மெல்லச் சாத்து."